கரகாட்டக்காரனும் உடையார்கட்டு ரசிகர்களும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், விசுவமடுவைக் கடந்து புதுக்குடியிருப்பை அடைவதற்கு முன்னர் வருகின்ற உடையார்கட்டில், குளத்தை நம்பி வயல் செய்கிறவர்களும், மேட்டுநிலத்தில் கச்சானும் உழுந்தும் போடுகிறவர்களும், ஆசிரியர்களும், கடைக்காரர்களுமாக வாழும் ஜனங்களிடம் ஒரு குறிப்பிட்ட சினிமாப் படத்தின் பெயரைச் சொல்லி அபிப்பிராயம் கேட்டால், அது வெளிவந்து முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலான பின்னரும், ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு தீர்ப்பை வைத்திருப்பதைக் காணலாம். அந்தப் படம் ‘கரகாட்டக்காரன்’. 1989ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆம் திகதி தமிழ்நாட்டில் வெளியாகி, மதுரை நகரில் ஓராண்டுக்கும் மேலாக ஓடிப் பெரும் பிரசித்தி பெற்ற படம் அது. கங்கை அமரன் இயக்க, அவருடைய தமையனார் இளையராஜா இசையமைக்க, ராமராஜனும் கனகாவும் நாயக நாயகியராக நடிக்க, கவுண்டமணியும் செந்திலும் ஹாஸ்யப் பகுதியை ஏற்றுக்கொண்ட அந்தப் படம், சங்கீதமும் நகைச்சுவையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சித்திரங்களுள் தமிழில் முதல் வரிசையில் வைக்கத் தக்கது என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் இக்கட்டுரையில் என் எண்ணத்தைவிட முக்கியமாக நான் எடுத்துரைக்க விரும்புவது, எங்கள் ஊர் ரசிகர்கள் அதைப் பற்றிச் சொல்லுகிறவற்றையே. படங்களைப் பற்றிப் பத்திரிகை விமர்சகர்கள் எழுதியவை ஏட்டில் நிற்கின்றன. பாயில் குந்தியிருந்து பார்த்தவர்கள் சொன்னவை அவர்களோடு போய்விடுகின்றன.

கதை சுருக்கமானது. முத்தையா என்னும் கரகாட்டக்காரன் தன் குழுவினரோடு வேற்றூர்க் கோயில் திருவிழாவுக்கு ஆடப் போகிறான். அங்கே காமாட்சி என்னும் கரகாட்டக்காரியைச் சந்திக்கிறான். ஆட்டத்தில் மூண்ட போட்டி காதலாகக் கனிகிறது. இரு குடும்பங்களுக்கும் இடையே முன்பிருந்த உறவும் அதன் முறிவும் வெளிப்படுகின்றன. பொல்லாதவர்களின் சூழ்ச்சியால் இருவரும் அம்மன் சந்நிதியில் கரகத்தோடு தீயில் இறங்க வேண்டி வருகிறது. கொத்தமங்கலம் சுப்புவின் நாவலைக் கொண்டு ஏ. பி. நாகராஜன் 1968இல் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் மூலம் எங்கிருந்து கிளைத்தது என்பது சொல்லாமலே விளங்கும். அங்கே நாதஸ்வரமும் பரதமும் எதிரெதிரே நின்றன. இங்கே கரகத்துக்குக் கரகமே எதிராக நிற்கிறது. பட்டணத்துச் சபையிலிருந்து கிராமத்துக் கோயில் வீதிக்குக் கதை இறங்கி வந்திருக்கிறது என்பதே பெரிய வித்தியாசம். எங்கள் ஊர் ஜனங்களுக்கு அந்தப் படத்தைவிட இந்தப் படம் நெருக்கமானதற்கும் அதுவே காரணம்.

இந்தப் படம் எங்கள் ஊரிருக்கும் வன்னிக்கு வந்து சேர்ந்த விதத்தை அறியாமல் அதன் ரசிகர்களுடைய அபிப்பிராயங்களை விளங்கிக்கொள்ள முடியாது. படம் வெளியான காலத்தில் இலங்கையின் வடக்கில் இந்தியப் படை நிலைகொண்டிருந்தது. 1990 மார்ச்சில் அந்தப் படை வெளியேறியது. அதே ஆண்டு யூனில் யுத்தம் மறுபடியும் மூண்டது. அதன் பின்னர் மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி முதலியவை பொருளாதாரத் தடையினால் கிடைத்தற்கரிய பண்டங்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. ஆகவே எங்கள் பகுதியில் பெரும்பாலானவர்களுக்குக் கரகாட்டக்காரன் முதலில் காதுவழியாகவே அறிமுகமானான். படத்தைக் காணாமலே அதன் பாட்டுகளை மனனம் செய்திருந்தவர்கள் பலர். கோயில் திருவிழாக்களில் நள்ளிரவு கழிந்த பின், கீர்த்தனங்களெல்லாம் முடிந்து மேளகாரர் சற்றே இளகி வாசிக்கும் நேரத்தில், ‘மாங்குயிலே’ பாட்டை நாதஸ்வரத்தில் கேட்டு அதன் பிறகே படத்தில் கண்டவர்களும் உண்டு.

படம் பார்ப்பது அந்நாளில் தனி மனிதர் செய்கிற காரியமன்று. கலியாண வீடோ சாமத்திய வீடோ நடந்தால், அல்லது ஊர்ப் பெடியள் கையிலிருந்த காசைச் சேர்த்தால், ஒரு ஜெனரேற்றரும் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு வரும். முற்றத்தில் பாய்கள் விரியும். ஒரே இரவில் மூன்று நான்கு படங்கள் ஓடும். குழந்தைகள் இரண்டாவது படத்தில் உறங்கிவிடுவார்கள். பிளேன்ரீ இரண்டு முறை வரும். ஜெனரேற்றர் நின்றுபோனால் அது மறுபடி உயிர்பெறும் வரை, பார்த்த பகுதியைப் பற்றிய விவாதம் நடக்கும். சினிமாவைப் பற்றிய கருத்துகள் எங்கள் ஊரில் உருப்பெற்றது பெரும்பாலும் அந்த இடைவேளைகளிலேதான். யாரும் தனியே பார்க்கவில்லையாதலால், யாருடைய அபிப்பிராயமும் தனியே உருவாகவில்லை. ஒருவர் சிரித்த இடத்தில் மற்றொருவர் ஏன் சிரிக்கவில்லை என்று அங்கேயே கேட்கப்பட்டது, அங்கேயே விடையும் சொல்லப்பட்டது.

இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம். அவற்றுள் முதலிடம் பெறவேண்டியது, வாலிபத்தில் கோவலன் கூத்து ஆடி, பின்னர் பிறருக்குப் பழக்கியும் விட்ட ஒரு முதியவர் சொன்னது. கவுண்டமணியும் செந்திலும் நல்ல நடிகர்களாக இருக்கலாம், ஆனால் அவர்கள் வருகிற பகுதிகளை வெட்டி எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் வராதே என்று நான் அவரிடம் வேண்டுமென்றே எதிர்வாதம் செய்து பார்த்தேன். அவர் ஒப்பவில்லை.

“தம்பி, அவை ரெண்டு பேரும் ஆர்? மேளகாரர். மேளகாரன் சிரிச்சாலும் அழுதாலும் மேளத்தோடதான். அதை வெட்டி எடுத்தியள் எண்டால் அந்தச் சமாவே இல்லை. பிறகு அவன் ராமராசன் ஆருக்கு ஆடுறது?”

இந்த ஒரு பதிலில் படத்தின் அமைப்பையே அவர் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. தமிழ்ச் சினிமாவில், முக்கியமாக 1980களில், ஹாஸ்யப் பகுதி கதைக்கு வெளியே தனியாக எழுதப்பட்டுத் தனியாகப் படமாக்கப்பட்டுப் பின்பு இடையிடையே ஒட்டப்படுவது வழக்கமாக இருந்தது. கவுண்டமணி செந்தில் ஜோடிக்கு அவ்விதமான பகுதிகள் பலவற்றை எழுதிக் கொடுத்தவர், தாமும் நடிகராக இருந்த ஏ. வீரப்பன். அந்த முறையில் எழுந்த காட்சிகள் எத்தனையோ படங்களில் கதாநாயகனை ஒரு முறைகூடச் சந்திக்காமலே முடிந்துபோயின. ‘கரகாட்டக்கார’னில் அப்படியன்று. இருவரும் முத்தையாவின் குழுவைச் சேர்ந்தவர்கள். அவன் ஆடாவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை. அவர்கள் வாசிக்காவிட்டால் அவனுக்கு ஆட்டம் இல்லை. அவர்கள் போடுகிற சண்டைகளெல்லாம் ஊரூராகப் போய்ப் பிழைக்கும் ஒரு கலைக்குழுவின் சண்டைகள்: யாருக்கு எவ்வளவு பங்கு, யார் பெரியவர், யார் ஏவினால் யார் போய்ச் சாமான் வாங்கி வருவது, வழிப்பயணத்துக்கு வண்டி யார் பிடிப்பது என்பவை. சிரிப்பின் ஊற்று கதைக்குள்ளேயே இருக்கிறது.

வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் இல்லை. ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவர அனுப்பப்பட்ட செந்தில், ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இரண்டில் ஒன்று இங்கே இருக்கிறது, மற்றது எங்கே என்று கவுண்டமணி கேட்கக் கேட்க, அந்த மற்றதுதான் இது என்று சலனமில்லாத முகத்தோடு அவர் பதில் சொல்லுகிறார். தருக்க சாஸ்திரப்படி பார்த்தால் செந்திலின் பதிலில் பிழை கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமன்று; கேள்வியின் அமைப்பே அந்தப் பதிலுக்கு இடங்கொடுக்கிறது. அக்காட்சியை நான் பல முறை கவனித்துப் பார்த்து அறிந்துகொண்டது என்னவென்றால், அதன் வெற்றி சொற்களில் பாதியும் லயத்தில் பாதியுமாக இருக்கிறது என்பதே. தவிற்காரர் ஒரே கோர்வையை முதலாங் காலத்தில் நிதானமாக வாசித்து, அதையே இரண்டாங் காலத்தில் எடுத்து, மூன்றாங் காலத்தில் கொட்டி முழக்கித் தீர்மானத்துக்குக் கொண்டுவருவது போல, அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் மாறாமலே இருக்க, வேகமும் குரலின் ஸ்தாயியும் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. கவுண்டமணி எங்கே மூச்சு வாங்குகிறார், செந்தில் பதிலுக்கு முன் எவ்வளவு நேரம் தாமதிக்கிறார் என்பவை அளந்து வைத்தாற்போல் விழுகின்றன. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த ஈழத்து ரசிகர்களுக்கு அந்தக் கணக்கு உடனே காதில் பட்டதில் வியப்பில்லை. ஜெனரேற்றர் இரைச்சலில் வசனம் சரியாகக் கேளாத பின்வரிசைக்காரர்களும் சரியான இடத்தில் சிரித்ததற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அதே காட்சியைப் பற்றி வேறொரு அபிப்பிராயமும் உண்டு. அதைச் சொன்னவர் கூலி வேலை செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த அந்த இரவில் தமக்குச் சிரிப்பு வரவில்லை என்றார்.

“பசியிலதானே அவன் பழத்தைத் திண்டவன். அதுக்கு இப்பிடியே போட்டு அடிக்கிறது? எங்கட வீட்டிலயும் ஒண்டை வாங்கி ரெண்டாப் பிய்ச்சுக் குடுத்த நாள் இருந்தது, ஐயா. எனக்கு அவன்ர முகத்தைப் பாக்க அழுகைதான் வந்தது.”

தடைக்காலத்தில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் இவ்வகையான கருத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நான் கேட்டிருக்கிறேன். ஹாஸ்ய ரசம் அறியாதவர்களின் பேச்சென்று இதைத் தள்ளிவிடலாகாது. மாறாக, மற்றவர்கள் கவனியாமல் விட்ட ஒரு உண்மையை அந்தத் தாய் கவனித்திருக்கிறார். ஒரு பழத்தின் பொருட்டு வளர்ந்த மனிதர் இருவர் அவ்வளவு நேரம் வாதாடுகிறார்கள் என்றால், அது இல்லாமையினால் நிகழும் வாதம். திருவிழா இல்லாத நாளில் மேளகாரருக்கு வருமானம் இல்லை. காட்சியை எழுதியவர் சிரிப்புக்காகவே எழுதியிருக்கலாம். ஆனால் சிரிப்பின் அடியில் வயிறு இருக்கிறது என்பதை வன்னியின் ஒரு தாய் கண்டுகொண்டார். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிறு பையனாக வீட்டை விட்டு ஓடிப்போய், கடைகளில் எடுபிடி வேலை செய்து, நாடகத்துக்கும் பின்னர் சினிமாவுக்கும் வந்தவர் செந்தில். அந்த முகத்தில் பசியின் சாயல் தெரிந்தது தற்செயலன்று.

மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பல. 1958ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னும், அதைவிட அதிகமாக 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னும், தேயிலைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கழனி செய்தவர்கள் அவர்கள். காமன் கூத்தையும் மாரியம்மன் கரகத்தையும் அவர்கள் மனத்தில் சுமந்து வந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் படத்தின்மீது ஒரு குற்றச்சாட்டை வைத்தார். கரகாட்டத்துக்குரிய நையாண்டி மேளம் என்றால் நாதஸ்வரமும் தவிலும் மட்டும் போதாது, பம்பையும் உறுமியும் தமுக்கும் வேண்டும். கரகம் தலையில் நிற்க உடம்பு எப்படி வளைய வேண்டும் என்பதைக் காட்டாமல், முகத்தையும் முழுத் தோற்றத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி வித்தையை மறைத்துவிட்டார்கள். ராமராஜனுடைய ஆட்டம் ஆட்டமே அன்று, வெறும் நடை என்றார். குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால், இறுதிக் கட்டத்தில் மலேசியா வாசுதேவனும் சித்ராவும் அம்மனை அழைத்துப் பாடுகிற இடத்தில் தம் வீட்டுப் பெண்கள் உருவேறியதையும், வேப்பிலை கொண்டுவந்து அவர்களை மலையேற்ற வேண்டியிருந்ததையும் சொன்னவரும் அதே பெரியவர்தான். ஆட்டத்தில் குறை கண்டவர் பாட்டில் அதைக் காணவில்லை.

பாட்டைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டாவது கருத்து இல்லை. இளையராஜா, கங்கை அமரன் முதலிய பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் சினிமாவுக்கு வருமுன், மூத்தவரான பாவலர் வரதராஜனுடைய தலைமையில் பொதுவுடைமைக் கட்சிக் கூட்டங்களில் பாடி ஊரூராகச் சுற்றியவர்கள். 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் வரதராஜன் பாடிய பாட்டுகள் அக்கட்சியின் வெற்றிக்குப் பெருந்துணை செய்ததாகப் பேசப்பட்டது. வாத்தியங்களைச் சுமந்துகொண்டு வாகனத்துக்குக் காத்திருப்பதும், கூட்டம் சேர்ந்தால் மகிழ்வதும், சேராவிட்டால் வெறுங்கையோடு திரும்புவதும் இளையராஜாவுக்கும் கங்கை அமரனுக்கும் கேள்விப்பட்ட விஷயங்களல்ல, வாழ்ந்த விஷயங்கள். குழுவினர் எல்லாரும் சேர்ந்து, வேற்றூருக்கு வந்த இடத்தில் காதலில் விழ வேண்டாம் என்று ஒருவரையொருவர் கேலி செய்து பாடும் பாட்டில், கங்கை அமரனே ஒரு குரலாகச் சேர்ந்திருக்கிறார். கேலியும் தாளமும் பிரிக்க முடியாதபடி பின்னிய இடம் அது; இந்தப் படத்தை நான் சங்கீத நகைச்சுவைச் சித்திரம் என்று சொல்லத் துணிவதற்கு அந்த ஒரு பாட்டே போதும்.

வயதான பெண்களிடம் கேட்டால் பேச்சு கனகாவிடம் போய், அங்கிருந்து அவருடைய தாயார் தேவிகாவிடம் போய்ச் சேருகிறது. ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் தேவிகாவைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள், மகளின் முதற்படம் என்பதற்காகவே இதைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு ஹாஸ்யம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

ஆனால் பெண்களின் அபிப்பிராயத்தில் ஒரு கூர்மையான பகுதி இருக்கிறது. அதை மழுப்பாமல் எழுதவேண்டும். குழுவின் பயணத்துக்காக வாங்கப்பட்ட பழைய கார், முன்னொரு காலத்தில் சொப்பன சுந்தரி என்னும் பெண்ணிடம் இருந்தது என்பது தெரிந்ததும், காரை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கும் பகிடி படத்தில் வருகிறது. உடையார்கட்டில் பல ஆண்டுகள் படிப்பித்த ஆசிரியை ஒருவர் அதைப் பற்றிச் சொன்னபோது அவருடைய குரலில் கோபம் இருந்தது. அந்தப் பெண் படத்தில் ஒரு முறையும் தோன்றுவதில்லை. தன் பக்கத்தைச் சொல்ல அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. காரைப் போல் கைமாறும் பொருளாகவே அவள் பேசப்படுகிறாள். கரகாட்டக்காரியின் மானத்தைக் காப்பதற்காகத் தீமிதி வரை போகிற ஒரு கதையில், மற்றொரு பெண்ணின் மானத்தை வைத்துச் சபையைச் சிரிக்கவைப்பது எப்படிப் பொருந்தும் என்று அவர் கேட்டார். “மிஸ், அது சும்மா பகிடிதானே” என்று பக்கத்திலிருந்த அவருடைய பழைய மாணவர் ஒருவர் சமாதானம் சொன்னார். “பகிடிதான், தம்பி. உங்கட அக்காவின்ர பேரைப் போட்டு ஒருக்காச் சொல்லிப் பாரும்” என்றார் ஆசிரியை. அதற்குப் பின் பேச்சு எழவில்லை. நான் ஆசிரியையின் பக்கம் நிற்கிறேன். கரகம் ஆடிய பெண்கள் தமிழ்நாட்டிலும் இங்கும் அனுபவித்த அவமதிப்பை நினைத்தால், கலைஞர்களின் கௌரவத்தைப் பேச வந்த படத்தில் அந்தப் பகிடி ஒரு கறை என்றே சொல்லுவேன். உருவத்தையும் நிறத்தையும் சொல்லி ஏசுவது இந்த ஜோடியின் பல படங்களில் வழக்கமாகிவிட்ட இன்னொரு கறை.

இரட்டையர் ஹாஸ்யம் உலகத்தில் எங்கும் உள்ளது. இங்கிலாந்தில் பிறந்த ஸ்டான் லோரலும் அமெரிக்கரான ஒலிவர் ஹார்டியும் 1920களின் பிற்பகுதியில் ஒன்றுசேர்ந்து, மெலிந்தவரும் பருத்தவருமாக, ஒருவர் செய்த மடமைக்கு மற்றவர் அடிபடுவதை வைத்து உலகத்தைச் சிரிக்கவைத்தார்கள். 1930களில் இசை நாடகக் கதைகளிலும் அவர்கள் நடித்தார்கள். தமிழில் அதே காலத்தில், 1936ஆம் ஆண்டு ‘வசந்தசேனை’ படப்பிடிப்பில் சந்தித்த என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் வாழ்க்கையிலும் திரையிலும் ஜோடியானார்கள். அவர்கள் தம் ஹாஸ்யத்தைத் தாமே பாடினார்கள். 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் கிருஷ்ணன் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், சிரிப்பும் சங்கீதமும் சீர்திருத்தமும் ஒரே பாத்திரத்தில் சமைக்கப்பட்டதற்கு உதாரணம். அவர்களோடு ஒப்பிட்டால் கவுண்டமணி செந்தில் பாடகர்கள் அல்லர், சீர்திருத்தக்காரரும் அல்லர். ஆணும் பெண்ணுமாக இருந்த ஜோடியில் சமத்துவம் இருந்தது, மதுரம் பதிலடி கொடுத்தார். இந்த ஜோடியில் மேலே ஒருவர், கீழே ஒருவர். ஆனால் கீழே இருப்பவர் ஒரு போதும் தோற்பதில்லை. அடிபட்டாலும் கடைசிச் சொல் செந்திலுடையது. தம்மை ஏவுகிறவரை அறியாமையின் பலத்தினால் வெல்லும் அந்தத் தந்திரம், கூத்தின் கட்டியகாரனுக்கும் சமஸ்கிருத நாடகத்தின் விதூஷகனுக்கும் வழிவழியாக உரியது.

எங்கள் நாட்டிலும் சிரிப்புக்கென்று ஒரு படம் வந்தது. இலங்கை வானொலியில் பிரபலமாயிருந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தைக் கொண்டு 1976இல் எடுக்கப்பட்ட ‘கோமாளிகள்’ அது. மரைக்கார் ராம்தாஸ், அப்துல் ஹமீத், ராஜகோபால், உபாலி செல்வசேகரன் ஆகிய நால்வரும், இலங்கையில் வழங்கும் தமிழ் வகைகளை ஆளுக்கொன்றாகப் பேசியதே அதன் ஹாஸ்யத்துக்கு ஆதாரமாயிருந்தது. அதை நினைவில் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், கவுண்டமணியின் கொங்குப் பேச்சும் செந்திலின் தென்பாண்டிப் பேச்சும் மோதுவதில் அதே சுவையைக் கண்டதாகச் சொன்னார். இந்த ஜோடியின் இன்னொரு பிரசித்தமான காட்சி, 1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில், பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டிலைச் செந்தில் தொட்டு உடைத்துவிடும் இடம். பட்டணத்தவர்களுக்கு அது கேலி மட்டுமே. பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலேயே கலியாணமும் கூத்தும் நடத்திய எங்கள் ஊரில், மென்டில் எவ்வளவு அருமையான பொருள் என்பது தெரிந்தவர்கள் கவுண்டமணியின் பதற்றத்தை நியாயமாகவே கருதினார்கள்.

யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், 2009 ஜனவரியில், உடையார்கட்டுப் பிரதேசம் பாதுகாப்பு வலயமென்று அறிவிக்கப்பட்டு, மேற்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஜனங்களால் நிறைந்து, அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணைகள் விழுந்து, வைத்தியசாலையும் தாக்குதலுக்குள்ளாகி, எல்லாரும் மேலும் கிழக்கே துரத்தப்பட்ட வரலாறு உலகம் அறிந்தது. அதைப் பற்றி இக்கட்டுரையில் விரித்தெழுதுவது முறையன்று. அன்று முற்றத்தில் ஒருங்கிருந்து சிரித்தவர்களில் பலர் இன்று இல்லை என்பதையும், செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீடுகளோடு கசெற்றுகளையும் இழந்திருந்தார்கள் என்பதையும் மட்டும் சொல்லுகிறேன். மீள்குடியேறிய பின்னர் மின்சாரம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, கைத்தொலைபேசி வந்தது. கரகாட்டக்காரனும் திரும்பி வந்தான். ஆனால் துண்டு துண்டாக வந்தான்.

இன்றைய இளைஞர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் வாழைப்பழக் காட்சியைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தார்கள். முழுப் படத்தையும் பார்த்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. படம் மெதுவாகப் போகிறது, பாட்டுகள் நீளம், ராமராஜனுடைய சட்டைகளின் நிறம் கண்ணைக் குத்துகிறது என்பன பார்த்தவர்களின் குறைகள். அந்த இருவரும் படத்தில் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒரு மாணவரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. நகைச்சுவை நடிகர்கள் என்றார். அந்தப் பதில் எனக்கு வருத்தத்தைத் தந்தது. கூத்து முதியவர் வெட்டி எடுக்கலாகாது என்று சொன்னதை, கையில் பிடிக்கும் கருவி சில நிமிஷக் காட்சியாக வெட்டி எடுத்துவிட்டது. மேளமில்லாத மேளகாரர்களாக, ஊரில்லாத, குழுவில்லாத, பசியில்லாத இரண்டு மனிதர்களாக அவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு அறிமுகமாகியிருக்கிறார்கள். எதற்காக ஒரு பழத்தின்மேல் இவ்வளவு சண்டை என்பது அவர்களுக்கு விளங்காமல் போனதில் பிள்ளைகள் மீது பிழையில்லை.

நான் கேட்டறிந்த அபிப்பிராயங்களில் ஒன்றையேனும் பிழையென்று சொல்ல எனக்கு மனமில்லை. கரகத்தின் வித்தை காட்டப்படவில்லை என்றவர் சொன்னதும் உண்மை. பகிடியில் ஒரு பெண் அவமதிக்கப்பட்டாள் என்றவர் சொன்னதும் உண்மை. பசித்தவனை அடிக்கிறார்களே என்று அழுத தாய் சொன்னது எல்லாவற்றிலும் பெரிய உண்மை. அவர்களெல்லாரும் முழுப் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஒன்றாயிருந்து பார்த்துச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் எங்கள் ஊரில் மறுபடி உண்டாக வேண்டும் என்பது என் ஆசை.

ஆதலால் உடையார்கட்டிலும், மூங்கிலாற்றிலும், வள்ளிபுனத்திலும், சுதந்திரபுரத்திலும் உள்ள சனசமூக நிலையங்களின் பொறுப்பாளர்களிடமும், பாடசாலை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு பூரணை விடுமுறை நாளில் இந்தப் படத்தை முதலிலிருந்து முடிவு வரை போட்டுக் காட்டுங்கள். கூத்தாடிய முதியவர்களையும், மேளகாரர்களையும், மலைநாட்டிலிருந்து கரகம் கொண்டுவந்த குடும்பத்தவர்களையும், பெண்களையும் அழைத்துப் பிள்ளைகளோடு இருத்துங்கள். படம் முடிந்த பின் ஒரு மணி நேரம் அவர்களைப் பேச விடுங்கள். பிள்ளைகளில் ஒருவரைக் கொண்டு அவர்கள் சொல்லுவதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.